அத்தான் கொரியனாக நடித்த படம்

என் அத்தான் தெரென்தி லியூகாய் சினிமாவில் எடுக்காத பிறவி இல்லை. தாஷ்கெண்ட் படக்காரர்களுக்கு இடுங்கிய கண் தேவைப்பட்டால் எங்கள் கொரியர் கூட்டுப்பண்ணை வாசலில் லாரி வந்து நிற்கும். உஸ்பெக் பருத்தி வீரர், சைபீரியப் பனியின் யாகூத்து வேட்டைக்காரர், சீனத் தோழர் எல்லாம் அவரே. சகோதர இனங்கள் கைகோத்துச் சிரிக்கும் காட்சியில் உற்றுப் பார்த்தால், இரண்டு மூலையிலும் வேறுவேறு தொப்பியில் அவர்தான் சிரித்துக்கொண்டிருப்பார். ஜப்பானிய ஒற்றனாக வந்தால் மட்டும் பாதிப் படத்திலேயே செத்துவிடுவார்.

"இன்னைக்கு எந்த நாட்டுக்காரரு சாப்பிட வந்திருக்காரு?" என்பாள் என் அக்கா அகாஃபியா, சோற்றைப் போட்டுக்கொண்டே.

"சிரிடி, சிரி. ஒருநாள் நான் நானாவே வருவேன்."

அவருடைய ஆசை அது ஒன்றுதான். ஆனால் கொரியர்களைப் படத்தில் காட்டினால் இங்கே எப்படி வந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். 1937இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலிருந்து அரசாங்கமே எங்களைச் சரக்கு ரயிலில் அள்ளிவந்து கொட்டிய கதையை யார் எடுப்பார்கள்?

கடைசியில் நெல் சாகுபடியைப் பற்றிப் படம் எடுக்க ஒசிப் மார்க்கோவிச் என்ற இயக்குநர் எங்கள் பண்ணைக்கே வந்தார். கொரியக் கதாநாயகன் வேஷம் அழகான ஒரு கசாக்கியருக்குப் போனது. முடிவில் வரும் அறுவடை விருந்தில், எல்லா இனத்தாருக்கும் நடுவே ஆடும் கொரியன் அத்தான்.

படக்குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு நாங்கள் காட்டிய பட்டெல்லாம் பிடிக்கவில்லை. பண்ணைக் கிளப்பின் பின்னறைப் பெட்டியைக் கிளறி, முரட்டுச் சணல் அங்கி ஒன்றையும் அதற்குரிய வைக்கோல் கயிற்றையும் எடுத்து வந்தாள்.

"இதுதான் அசல். மண்வாசனை அப்படியே இருக்கு பாருங்க" என்று பூரித்தாள்.

எங்களில் பெற்றவர்கள் செத்தால் மகன் போட்டுக்கொள்வது அது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எடுத்துப்போவதற்காகப் பொதுவில் வைத்திருந்தோம்.

நான் அத்தானின் கையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லிடுங்க அத்தான். விருந்துல சாவுத்துணியா?"

"சொன்னா வேற துணி தேடுவாங்க. அதுக்குள்ள வெளிச்சம் போயிடும். நாளைக்கு ஊருக்குக் கிளம்புறாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூஞ்சி தெரியணும்னா எதை வேணா மாட்டிக்குவீங்களா?"

அவர் அங்கியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அம்மா ரயில்லயே போயிட்டா. தண்டவாளத்தோரம் ஒழுங்கா மண்ணு தள்ளக்கூட விடல, விசில் ஊதிட்டான். நான் இதைப் போடவே இல்லடா."

கயிற்றை அவரே இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சிரிங்க தோழரே, அமோக விளைச்சல்" என்றார் இயக்குநர். அத்தான் சிரித்தார், ஆடினார்.

படத்தை எங்கள் கிளப்பிலேயே முதலில் போட்டார்கள். கசாக்கியர் நாற்று நட்ட லட்சணத்தைப் பார்த்துக் கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. விருந்துக் காட்சி வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. திரையில் அக்கார்டியன் வாசிக்கிறார்கள், சணல் அங்கியில் அத்தான் ஆடுகிறார். அந்த ரயிலில் கூடவந்த கிழவர்கள் முதலில் எழுந்தார்கள், பிறகு எல்லோரும். திரைக்கு முதுகைக் காட்டி, பின்வரிசையில் இருந்த அத்தானை நோக்கி, துக்க வீட்டில் செய்வதுபோல் இடுப்பு வளையக் குனிந்தார்கள்.

பின்வரிசையில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஒசிப் மார்க்கோவிச், மரியாதை தனக்குத்தான் என்று நினைத்து எழுந்து அவரும் குனிந்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

அத்தான் எழுந்தார். அழுதுகொண்டே, தாயைப் பறிகொடுத்த மகன் செய்யவேண்டிய முறைப்படி, ஒவ்வொருவருக்கும் பதிலுக்குக் குனிந்தார்.