நைனா சொன்ன பதில்கள்

பூங்காவனத்துக்கு வாய் ஓயாது. கொரட்டூர் ஏரிக்குக் கீழே இருந்த தோட்டங்களில் அவள் குரலைக் கேட்காதவர்கள் யாராவது இருந்தார்கள் என்றால், அவர்களுக்குக் காதே இல்லை என்று அர்த்தம். கத்தரிச் செடியோடு பேசுவாள், கன்றுக்குட்டியோடு பேசுவாள், பதில் சொல்ல யாரும் அகப்படாவிட்டால் தன்னோடு தானே பேசிக்கொள்வாள். அவள் அம்மா அங்கம்மா, இந்த வாயைக் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறவன் எவனோ பாவம் என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் அடுப்பை மூட்ட மாட்டாள். அந்த வாய்தான் பூங்காவனத்தைப் பரீட்சைக்குக் கொண்டுபோனது. பரீட்சையில் அவளைக் கவிழ்க்கப் பார்த்ததும் அதே வாய்தான்.

வெள்ளைக்காரன் ராஜ்யம், இரண்டாவது யுத்தம் வருவதற்கு முந்தைய காலம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு தீர்ந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் ரயிலேறிப் பட்டணம் போக வேண்டும். பயிர்வைத்துப் பிழைக்கிற வீட்டில் பெண் பிள்ளையை யார் ரயிலேற்றுவார்கள்? பூங்காவனமும் ஐந்தோடு நின்றாள். அந்தச் சமயம் பார்த்து அவள் அண்ணன் பெரம்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போய்விட, அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா கன்னியப்பனுக்கு ஏற்றம் இறைக்கத் துணைக்கு ஆள் இல்லாமல் போனது. பூங்காவனம் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடியில் போய் நின்றாள்.

ஏற்றம் என்பது தனி ஆள் வேலை இல்லை. மேலே குறுக்கே கிடக்கிற நீள மரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். அவர் நடக்க நடக்க மரம் தாழும், உயரும். கீழே ஒருவர் கிணற்று ஓரத்தில் நின்று, கழியைப் பிடித்துச் சால் என்கிற பெரிய வாளியைத் தண்ணீருக்குள் இறக்கி, மேலே வந்ததும் கால்வாயில் கவிழ்ப்பார். இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டுவது பாட்டுதான். ஒருவர் ஒரு வரியைப் பாடினால் மற்றவர் அடுத்த வரியைப் பாட வேண்டும். பாட்டு தப்பினால் அடி தப்பும், அடி தப்பினால் மேலே நடக்கிறவர் கிணற்றுக்குள் இருப்பார். அதனால் தொண்டை கட்டிக்கொண்ட நாளில்கூட யாரும் பாடாமல் இறைத்ததில்லை.

அம்பத்தூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர் ஒருவருக்கு செலின் என்று ஒரு மகள். பட்டணத்து கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். மாதா கோயில் திருவிழாவுக்கு அவள் வீட்டார் கொரட்டூர்ப் பக்கத்து மாலைதான் வேண்டும் என்று பூ வாங்க வந்தபோது, இரண்டு பெண்களும் சிநேகமானார்கள். எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையைப் பள்ளிக்கூடம் போகாமலே எழுதலாம், தேறினால் வாத்தியார் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்கள், பெண்களுக்குத் தங்க இடமும் சோறும் உண்டு என்று செலின் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் தன் பழைய புத்தகங்களையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று ராத்திரி வீட்டில் பெரிய ரகளை. நசரத்பேட்டையில் அங்கம்மாவின் அண்ணன் மகன் லோகநாதன் இருக்கிறான், தை பிறந்தால் கல்யாணம் என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். லோகநாதன் நல்ல பையன்தான். எது கேட்டாலும் தலையாட்டுவான். பூங்காவனத்துக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஆயுள் பூராவும் ஒரு தலையாட்டலோடு எப்படிப் பேசிக்கொண்டிருப்பது? கடைசியில் கன்னியப்பன் ஒரு தீர்ப்பு சொன்னார். ஒரே ஒரு தடவை எழுதட்டும். தேறினால் படிக்கப் போகட்டும். தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டு நசரத்பேட்டை போக வேண்டும். பூங்காவனம் அப்பாவிடம் தன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

புத்தகம் கிடைத்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள்? ஒரு ஈ காக்கை கிடையாது. முதலில் எல்லாரும் செய்கிற மாதிரிதான் செய்தாள். பக்கம் பக்கமாக உருப்போட்டாள். காலையில் படித்தது சாயங்காலம் காணாமல் போனது. பத்து வரியை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டால் திருதிருவென்று விழித்தாள். அழுதாள். புத்தகத்தைத் தூக்கி எறியப்போய், அது செலினுடையதாயிற்றே என்று மறுபடி எடுத்து வைத்தாள்.

அப்புறம் ஒருநாள் எரிச்சலில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்த பாடத்திலிருந்து தானே ஒரு கேள்வி போட்டாள். கேள்வி போட வேண்டுமானால் பாடத்தில் எது முக்கியம், எது சும்மா என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக மறுபடி படித்தாள். அந்தப் பாடம் மட்டும் மறுநாளும் அப்படியே நின்றது. அட, விஷயம் இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு. அன்று முதல் படிப்பதெல்லாம் கேள்வியானது. கேள்வியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பெண்ணா இவள்? ஏற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டாள்.

வழக்கம்போலக் கன்னியப்பன் பிள்ளையாரைக் கூப்பிட்டு முதல் வரியைப் பாடினார். அடுத்த வரிக்குப் பூங்காவனம் அதே மெட்டில், காவேரி எந்த மலையில் பிறக்கிறது என்று கேட்டாள். மேலே ஒரு நடை தடுமாறியது. பாட்டை நிறுத்தக் கூடாது, பதிலோ தெரியாது. வாயில் வந்ததைப் பாடி ஒரு வழியாகச் சமாளித்தார். இறங்கி வந்ததும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். கிணற்றில் தள்ளப் பார்க்கிறாயா என்று கத்தினார். பூங்காவனம் சிரித்துக்கொண்டே பதிலைச் சொல்லி, நாளைக்கும் இதைத்தான் கேட்பேன் என்றாள். மனுஷனுக்கு ரோஷம். மகள் முன்னால் இன்னொரு தடவை முழிப்பாரா? மறுநாள் அவள் கேட்டு முடிப்பதற்குள் குடகு மலை என்று மேலேயிருந்து கணீரென்று பாடினார்.

அதற்கப்புறம் அந்தக் கிணற்றில் ராமன் கதையும் முருகன் கதையும் ஒதுங்கிக்கொண்டன. அக்பர் வந்தார், ஆக்சிஜன் வந்தது, வட்டிக் கணக்கு வந்தது. கீழேயிருந்து கேள்வி, மேலேயிருந்து பதில். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கன்னியப்பனுக்கு மோகினி பிடித்திருக்கிறது என்றார்கள். அவர் எதற்கும் அசையவில்லை. ஆனால் சொன்னதையெல்லாம் அப்படியே விழுங்குகிற ஆளும் இல்லை அவர். ஒருநாள் சால் பாதிக் கிணற்றில் இருக்கும்போதே நடையை நிறுத்திவிட்டு மரத்தின்மேல் நின்றபடியே கேட்டார்.

"காவேரி குடகுல பொறக்குதுன்ற. அங்கேருந்து மேக்கால கடலு கிட்டத்துல கீதுன்னும் நீதான் சொன்ன. கிட்டத்துல கீற கடல உட்டுட்டு, அது ஏன் தஞ்சாவூருக்கு சுத்திகினு வருது?"

பூங்காவனத்துக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் அது இல்லை. தேசப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தட்டையான காகிதத்தில் என்ன தெரியும்? அப்புறம் கால்வாயில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. தண்ணீருக்குக் கிட்டம் தூரம் தெரியாது, பள்ளம்தான் தெரியும். மலை கிழக்குப் பக்கம் சரிந்திருந்தால் ஆறு கிழக்கேதான் ஓடும். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். தோட்டக்காரருக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அதானே பார்த்தேன் என்றார். பாதியால் வகுத்தால் தொகை எப்படிக் கூடும் என்று இன்னொரு நாள் சண்டை. ஒரு படி அரிசியை அரைப் படியால் அளந்து காட்டிய பிறகுதான் விட்டார். அவரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஆனால் அவர் ஒப்புக்கொண்ட பாடம் எதையும் அவள் மறந்ததில்லை.

பரீட்சை பூந்தமல்லியில். விடியற்காலையில் வண்டி பேசிக்கொண்டு அப்பாவும் மகளும் போனார்கள். அங்கம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைத்தாள். எதற்காக முடிந்தாள், பெண் தேறவா, தேறாமலிருக்கவா என்று கன்னியப்பன் கேட்டதற்கு, அது எனக்கும் அம்மனுக்கும் என்று சொல்லிவிட்டாள்.

கேள்வித்தாள் வந்தது. முதல் கேள்வியைப் பார்த்ததும் பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. காவேரி எங்கே உற்பத்தியாகி எப்படிப் பாய்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டாவது கேள்வியும் தெரிந்தது. மூன்றாவதும் தெரிந்தது. எல்லாம் அவளே கேட்டவை. பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, முதல் கேள்வியை மனசுக்குள் பாடினாள். பாடிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி பாடினாள். கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அடுத்த வரி வரவே இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவள் கேட்டாள், நைனா சொன்னார். பதிலைப் பாடிப் பழகியது அவர் வாய், இவள் வாய் இல்லை. பாதிப் பாட்டு இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. மீதிப் பாட்டு வெளியே புளியமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

காகிதத்தில் மை ஒரு சொட்டு விழுந்தது. மேற்பார்வை பார்த்த டீச்சரம்மா வந்து, உதட்டை அசைக்கக் கூடாது என்று அதட்டிவிட்டுப் போனார். நசரத்பேட்டை கண் முன்னால் வந்தது, லோகநாதன் தலையாட்டினான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கன்னியப்பன் வண்டிக்காரரிடம் கையை நீட்டி நீட்டி எதையோ வாதாடிக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் லேசில் ஒப்புக்கொள்ளாத மனுஷன்.

அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்கு அவர் சண்டை ஞாபகம் வந்தது. கிட்டத்துக் கடலை விட்டுவிட்டு ஏன் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அவர் மரத்தின்மேல் நின்று கேட்டாரே, அது வந்தது. கேள்வி அவருடையது என்றால் பதில் யாருடையது? அவள் சொன்னதல்லவா? கால்வாயில் நின்று அவளே கண்டுபிடித்ததல்லவா? பள்ளம் வந்தது, மலைச் சரிவு வந்தது, குடகு வந்தது, தஞ்சாவூர் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அப்பா எங்கே முறைத்துக்கொண்டார், தான் என்ன சொல்லி அவரை மடக்கினோம் என்று யோசித்தாள். புத்தகத்து வரி ஒன்றுகூட வாயில் வரவில்லை. தன் சொந்த வார்த்தையில் எழுதினாள், காகிதம் போதாமல் இன்னொன்று கேட்டு வாங்கி எழுதினாள். டீச்சரம்மா பின்னால் நின்று கொஞ்ச நேரம் படித்துவிட்டு நகர்ந்து போனார்.

தேறிவிட்டாள். பேப்பரில் பேர் வந்திருக்கிறது என்று செலின் அம்பத்தூரிலிருந்து நடந்தே வந்து சொன்னாள். அங்கம்மா முதலில் அழுதாள், அப்புறம் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அவள் எதற்காக முடிந்துவைத்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கன்னியப்பன் ஊரெல்லாம் போய், நாங்க பாஸ் என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்க என்றுதான் சொன்னார், அதை யாரும் திருத்தவில்லை.

பயிற்சிக்குப் போகிற நாளில் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு அவர் மட்டும் கூட வந்தார். ஏற்றத்துக்கு ஆள் பேசியாகிவிட்டது. வேம்புலி என்று ஒரு நல்ல பலசாலி, பாட்டும் வரும். அதைப் பற்றியெல்லாம் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தவர், ஸ்டேஷனில் ட்ரங்குப் பெட்டியை இறக்கி வைத்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். பூங்காவனமும் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு நின்றாள். ரயில் தூரத்தில் தெரிந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"இத்தினி வயசுக்கு என்ன யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல பூங்கா. கிஸ்தி கட்டினியான்னு கேப்பான், கத்திரிக்கா இன்னா வெலன்னு கேப்பான். அவ்ளோதான். நீதான் கேட்ட. நீ பூட்டா என்ன யாரு கேப்பாங்க?"

பூங்காவனத்துக்குப் போகவில்லை நைனா என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மட்டும் யாரு கேட்டாங்க நைனா? நானேதான கேட்டுக்கினேன். நீயும் கேட்டுக்கோ. ஒண்ணும் கஷ்டமில்ல, மொத கேள்விதான் கஷ்டம்."

கன்னியப்பன் யோசித்தார். "அப்ப அந்த மொத கேள்விய நீ கேட்டுட்டுப் போ. மத்தத நான் பாத்துக்கிறேன்."

ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார்கள். பூங்காவனம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தாள். பாடத்தில் உள்ளதைக் கேட்டால் அவர் உடனே சொல்லிவிடுவார். கார்டு கொடி காட்டினார். அவளுக்கே பதில் தெரியாத ஒன்றைக் கேட்டாள்.

"எல்லா ஆறும் கடல்லதான போயி உழுது. அப்பவும் கடலு ஏன் நெரம்பி வழியல நைனா?"

பதில் சொல்ல வாயெடுத்த கன்னியப்பன் அப்படியே நிறுத்திக்கொண்டார். கண்ணைச் சுருக்கினார். ரயில் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவரவர் மனிதர்களுக்குக் கையை ஆட்டினார்கள். கன்னியப்பன் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். மகளுக்குக் கையாட்டவே மறந்துபோனார்.