பந்து பார்த்த மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பௌலிங் போட்டி. கிரிக்கெட் இல்லை, கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். சிங்கப்பூரில் பழகிய விளையாட்டை என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்கு வந்தும் விடவில்லை.

புதுப் பந்தில் விரல் துளை போட்டு வந்திருந்தது. துளை போட்டால் பந்து சுழலும் விதம் மாறிவிடுமாம். அதனால் இன்று காலை தொட்டில் கொக்கியில் கம்பி கட்டி, ஒரு தட்டில் பந்தை வைத்துத் தொங்கவிட்டார். லேசாக முறுக்கி விட்டால் அது இப்படியும் அப்படியும் திரும்பும். அந்த வேகத்தை வைத்து, ஓடும்போது பந்து எவ்வளவு வளையும் என்று கணிக்கலாமாம்.

அப்போது பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா வந்தார். மகள் பிரியாவுக்கு அன்னவாசல் வரனா, மீமிசல் வரனா என்று தவித்துக்கொண்டிருப்பவர்.

"என்ன தம்பி, குறி பாக்குறீங்களா?"

இவர் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசியில எங்கிட்டு திரும்பும்னு பாக்குறேங்க்கா."

"எங்கிட்டு?"

"இடது பக்கம். நல்லாவே திரும்பும்."

அக்கா இடது பக்கம் கையை நீட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "அப்ப அந்தப் பக்கம் இருக்குற அன்னவாசல்தான்!" பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் பிரியா அழாத குறையாக வந்தாள். "சித்தி, எனக்கு மீமிசல்காரரைத்தான் புடிச்சிருக்கு. பந்தை வலது பக்கம் திரும்பச் சொல்லுங்க."

"அதை அம்மாகிட்டயே சொல்லேன்டி."

"நான் சொன்னா கேக்க மாட்டாங்க. பந்து சொன்னாத்தான் கேப்பாங்க."

வீட்டுக்காரர் தீவிரமாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "இடது கைக்காரங்க உருட்டுனா வலது பக்கம் போகும்."

நண்பர்களே, புதுக்கோட்டையில் இடது கைப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள். பந்து கொஞ்சம் கனம். கல்யாணச் சாப்பாடு உறுதி.