தென்னைக்குப் போடும் உப்பு

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மேல் பதவியில் இருக்கும் அக்கா பிரசவ விடுப்பில் போகும்போது, தன் மேசையிலிருந்த, ஓலை மாதிரி நீண்ட இலைகளுள்ள டிரசீனாச் செடியை என்னிடம் விட்டுப் போனார். முதல் சம்பளத்தில் வாங்கியதாம். "வேற யார்ட்ட குடுத்தாலும் கொன்னுருவாங்க. நீதான் எழுதிவச்சு எல்லாம் செய்வ" என்றார். ஆறு மாதத்தில் திருப்பித் தர வேண்டும்.

வீட்டு முன்னறை ஜன்னலோரம் வைத்தேன். நாலாவது மாதம் இலை நுனிகள் கருகத் தொடங்கின.

அனல்மின் நிலையத்தில் கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரை உப்பில் வாயில் வைக்க முடியாது. செடிக்கு ஆரம்பத்திலிருந்தே கேன் தண்ணீர்தான். அதையும் மீட்டர் வைத்து அளந்தேன். சரியாக இருந்தது. வெயிலோ என்று ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தேன். மின்விசிறிக் காற்றோ என்று மூலைக்கு மாற்றினேன். நோட்டில் ஒவ்வொரு காரணமாக அடித்துக்கொண்டே வந்தேன். இலைகள் உதிர்ந்துகொண்டே இருந்தன.

மிச்சமிருந்தது வேர். அக்கா வர மூன்று வாரமே இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பேப்பர் விரித்தேன். தொட்டி மண்ணுக்கு மேலே அழகுக்குப் பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கற்களை அள்ளினேன். அடியில் கல்லுப்பு. பாதி கரைந்தும் கரையாமலும் அரைக் கைப்பிடி இருக்கும்.

அப்பா கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பா, இதுல உப்பு போட்டீங்களா?"

"ஆமா. நேத்துகூடப் போட்டேனே."

"நேத்துகூடன்னா?"

"வாடுதுன்னு தோணும்போதெல்லாம் போடுவேன். தென்னம்பிள்ளைக்கு உப்பு போடாம எப்படிளா வேரு பிடிக்கும்?"

"இது தென்னை இல்லப்பா."

"சரி, பனைன்னு வச்சுக்க."

"பனையும் இல்ல."

"ஓலை அப்படித்தான இருக்கு. பின்னால நிக்குத மூணு தென்னையும் நான் குழியில உப்பு போட்டு வச்சதுதான். காய்க்கலயா?"

நாளெல்லாம் உப்பைத் தேடுகிறவள் நான். என் பட்டியலில் அப்பா இல்லை.

வேரை மூன்று முறை அலசினேன். அழுகிக் குழைந்ததைக் கத்தரித்தேன். ஓட்டையுள்ள புதுத் தொட்டியில் தேங்காய் நார்த்தூள், ஆற்றுமணல், மக்கிய உரம் கலந்து நட்டேன். அப்பா தண்டைப் பிடித்துக்கொண்டு, "நேரா நிக்கலளா" என்று மூன்று தடவை சொன்னார்.

"ஒரு வாரம் தண்ணி ஊத்தக் கூடாது" என்றேன்.

"பச்சப்பிள்ளையப் பட்டினி போடுவியாளா?"

தொட்டியை என் அறைக்குள் வைத்து, வேலைக்குப் போகும்போதெல்லாம் கதவைப் பூட்டினேன்.

மூன்றாவது வாரம் உச்சியில் நகக்கண் அளவுக்கு ஒரு துளிர் வந்தது. அதைத் தவிர ஏழு இலை மிச்சம். அக்கா கைக்குழந்தையோடு வந்து செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன, இப்படி மொட்டையாயிட்டு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இதுக்கு உப்பு ஆகவே ஆகாதும்மா. பாக்கத்தான் தென்னை மாதிரி இருக்கும். ஏமாந்துராத."

"அப்பா எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காங்களே" என்றார் அக்கா.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கூழாங்கல், கல்லுப்பு, பூட்டிய கதவு என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா துளிரைத் தொட்டுக் காட்டினார். "அதான் புது ஓலை விட்டுட்டுல்லா."