பூசைக்கும் நிற்காத பெட்டி

காங்கேயத்தில் என் மகன் நடத்தும் எண்ணெய் ஆலையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தேங்காய்ப் பருப்பு லாரியை எடைமேடையில் ஏற்றினால், எடையைப் படித்துச் சீட்டு அடிப்பது அது ஒன்றுதான். செய்து கொடுத்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். புதுக் கம்ப்யூட்டருக்கு எங்கள் மேடையின் பாஷை புரியாதாம். மேடையையே மாற்ற வேண்டுமாம். அதற்கு ஆலையைத்தான் விற்க வேண்டும். நான் படித்தது மூன்றாவது வரைதான். ஆனாலும் அதன் இரைச்சலில் ஒரு மாற்றம் வந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

போன ஆயுத பூசையன்று செக்கு, மோட்டார் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்ந்திருக்க, அது மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பூசைக்கு வந்த பக்கத்து ஆலைக்காரர் சும்மா விடுவாரா?

"ஏனுங்க, மத்ததுக்கெல்லாம் லீவு உட்டுப்போட்டு இதை மட்டும் வேலை வாங்கறீங்களே, சாமி கோவிச்சுக்காதுங்களா?"

"மாப்பிள்ளைங்க அது. ஒருக்கா படுத்துட்டா எந்திரிக்காதுங்க."

சொல்லிவிட்டு மகன் சிரித்தான். கண் மட்டும் சுவிட்சின் மேலேயே இருந்தது. அந்தக் கண்ணை நான் முன்பே அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பெருந்துறைப் பக்கம் எங்கள் அப்பாவின் செக்கை ஓர் ஆயில் இஞ்சின் ஓட்டியது. வாங்கும்போதே பழசு. சீசன் தொடங்கிவிட்டால் அதை நிறுத்தவே மாட்டார். ஆயுத பூசைக்கும் ஓடும் இஞ்சினுக்கே சந்தனம் பூசுவார். ஊரில் ஏருக்குக்கூட அன்று ஓய்வு. "உங்கப்பனுக்குச் சாமி பயமே இல்லடி" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்ல, எனக்கு மானம் போயிற்று. அந்த வருடம் அவர் வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த நேரம், இஞ்சினுக்கு எண்ணெய் போகும் குழாயின் திருகை மூடிவிட்டேன். இஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. கைகூப்பிக் கும்பிட்டேன்.

அப்பா ஓடி வந்து திருகைத் திறந்தார். நான்கு ஆட்கள் பொழுது சாயும்வரை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எழவில்லை. தப்பை நானே சொல்லிவிட்டு, அடிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். தலையில் கைதான் வந்து விழுந்தது.

"உடு அம்மிணி. அதுக்கும் ஒரு நா ஓய்வு வேணுமில்ல?"

நான் நம்பினேன். மடி நிறையப் பொரியோடு தெருவெல்லாம் போய், எங்கள் இஞ்சினும் பூசைக்கு நின்றுவிட்டது என்று பெருமை பேசினேன். அப்பா இஞ்சினின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்குத் துடைக்கிறார் என்று நினைத்தேன். தை பிறப்பதற்குள் அப்பா வேறொருவரின் ஆலைக்கு மூட்டை சுமக்கப் போனார். பெரிய ஆலை கிடைத்துவிட்டது என்று அதற்கும் பெருமைப்பட்டேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் இரைச்சல் இரண்டு வாரமாக மாறியிருக்கிறது. மகன் காதில் இன்னும் விழவில்லை. விழுந்தால், அதுக்கும் ஓய்வு வேணுமில்ல கண்ணு என்று அவன் தலையில் கை வைக்க, அப்பாவுக்கு இருந்த திடம் எனக்கில்லை.