இரண்டு அங்குலம் இறக்கிய கார்

கொட்டிலைத் துப்புரவாக்கும்போது மூலையில் கிடந்த உரப்பையைத் தூக்கினேன். பாரம் கையை இழுத்தது. உள்ளே கார் ஸ்பிறிங்குகள் நான்கு, துருவேறிக் கிடந்தன. மண்ணெண்ணெய் மணம் எப்போதோ போயிருக்க வேண்டும், ஆனாலும் எனக்கு மணந்தது. கனடாவிலிருந்து அக்கா வந்து நிற்கிறாள். அவளுடைய பெட்டிகளுக்கு இடம் தேடித்தான் கொட்டிலுக்குள் போனேன். போன இடத்தில் பழைய எரிச்சல் அப்படியே தலைக்கு ஏறிவிட்டது. பன்னிரண்டு வருடமாகியும் ஆறவில்லை என்றால் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்து வாங்கிய என் முதல் காரிலிருந்து கழற்றிய ஸ்பிறிங்குகள் அவை. பழைய கார்தான். உரும்பிராய்ப் பெடியங்களின் கார்களெல்லாம் நிலத்தோடு பதிந்து ஓட, என்னுடையது மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேறு தாண்டுகிறவர் மாதிரி உயர்ந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்குக் கல்யாணம் சரிவந்தது. "என்ரை காரிலைதான் நீ மண்டபத்துக்குப் போவாய்" என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். காரும் மணமகள் மாதிரி இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து கட்டை ஸ்பிறிங்குகள் எடுப்பித்தேன். மாட்டினால் கார் இரண்டு அங்குலம் இறங்கும்.

கராச்சில் கொடுத்தால் அரை நாள் வேலை. நான்தான் வீடியோ பார்த்துவிட்டேனே. அதில் ஒரு வெள்ளைக்காரன் சட்டை கசங்காமல் முக்கால் மணித்தியாலத்தில் முடிக்கிறான். துணைக்கு அயல்வீட்டுச் சீலனைக் கூப்பிட்டேன். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்துகிறவன். காரில் அதுவரை கைவைத்ததில்லை.

"எல்லாம் நட்டும் போல்ற்றும்தானே மச்சான்," என்றான்.

நட்டும் போல்ற்றும்தான். முதலாவது நட்டே அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், தட்டினோம், ஸ்பனரில் குழாயைக் கொழுவி இரண்டு பேரும் ஏறி நின்றோம். நட்டின் மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம். முன்பக்க ஸ்பிறிங்கை இறுக்கிச் சுருக்கும் கவ்வி இரண்டு தரம் வழுக்கியது. ஒருதரம் சீலனின் காதோரத்தால் போய்க் கொட்டில் தகரத்தில் அடித்தது. இடது பக்கத்துக்கு உரியதை வலது பக்கம் மாட்டி, திரும்பக் கழற்றினோம். மாட்டி முடிக்க முழுதாக மூன்று நாள். மறுநாள் கல்யாணம்.

வீட்டிலிருந்து றோட்டுக்குப் போகும் எங்கள் ஒழுங்கை அப்போது செம்மண். வெங்காயம் ஏற்றும் உழவு மிசின்கள் ஓடி ஓடி இரண்டு கரையும் பள்ளமாகி, நடுவில் புல் முளைத்த திட்டு உயர்ந்து நிற்கும். அக்கா குனிந்து காரின் அடியைப் பார்த்தாள்.

"உது ஒழுங்கைக்குள்ளை இடிக்காதோடா?"

"இடிக்காது. இப்பத்தான் ஓடிப் பாத்திட்டு வாறன்."

ஓடிப் பார்த்தது உண்மை. தனியாக ஓடிப் பார்த்தேன். அந்தக் கணக்குப் புரியாத தலையோடுதான் எட்டு வருடம் ரியூசனுக்குப் போய் வந்தேன்.

மாப்பிள்ளைத் தோழனாகத் தம்பி போய்விட்டான். காருக்குள் அக்கா, அம்மா, பெரியம்மா, அக்காவின் சிநேகிதி, பின்னால் பலகாரத் தட்டுகள். எங்கள் வீட்டுப் படலையிலிருந்து இருபது யார் தூரம் போயிருக்க மாட்டோம். அடியில் கறகறவென்று ஒரு சத்தம். கார் நடுத்திட்டில் குந்திவிட்டது. சில்லுச் சுற்றுகிறது, செம்மண் பறக்கிறது, கார் அசையவில்லை. முகூர்த்தம் நெருங்குகிறது. பின்னால் சீலன் தள்ளுகிறான். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை.

"நான் இறங்கி நடக்கிறன்," என்றாள் அக்கா.

எல்லோரும் இறங்கியதும் கார் தானாக எழும்பிக்கொண்டது. பூமாலை கட்டிய வெறுங்கார் பின்னால் ஊர, மணமகள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு படலையும் திறந்தது. "என்ன பிள்ளை, நடந்தே போறாய்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் அவளின் கையைப் பிடித்தார்கள், கன்னத்தைத் தொட்டார்கள். அவள் கண்ணைத் துடைப்பது முன்கண்ணாடியால் தெரிந்தது. என் காரால்தான் அழுகிறாள் என்று வெட்கத்தில் செத்தேன். றோட்டில் ஏறியதும் எல்லோரும் காருக்குள் வந்தார்கள். அடுத்த வருடம் காரை விற்றேன். அதற்கடுத்த வருடம் சீலனும் பிரான்சுக்குப் போய்விட்டான்.

உரப்பையை அக்காவிடம் காட்டினேன். சிரித்தாள்.

"அண்டைக்குக் காரிலை போயிருந்தா ஒருத்தருக்கும் போட்டு வாறன் எண்டு சொல்லாமல்தான் போயிருப்பன். எல்லாரையும் விட்டிட்டுப் போறனே எண்டுதான் அழுதனான். நீ என்னத்துக்கடா இன்னும் காய்ஞ்சு கொண்டிருக்கிறாய்?"

இதை அவள் பன்னிரண்டு வருடம் முந்திச் சொல்லியிருக்கலாம். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

பின்னேரம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினாள். எல்லோரையும் பார்த்துவிட்டு வர ஒரு மணித்தியாலமாவது பிடிக்கும் என்று அவள் சொன்னதால் தேத்தண்ணியை மூடி வைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"ஒரு படலையும் திறக்கேல்லையடா. எல்லாம் பூட்டிக் கிடக்கு."

ஒழுங்கை இப்போது கொங்கிறீற், மேசை மாதிரி மட்டம். எவ்வளவு பதிந்த காரும் இடிக்காமல் போகும். இடித்தாலும் சத்தம் கேட்டு வெளியே வர ஆளில்லை.