துச்சாதனன் காலில் விழுந்த மணல்

நேற்று, கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலொன்றில் பொரித்த இறாலின் மணத்தோடு அரிதார மணமும் வந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஹோட்டல் நிற்கும் மணலில்தான் முன்பு எங்கள் திரௌபதை அம்மன் திருவிழாக் கூத்து நடக்கும். துச்சாதனனாக ஆடும் அப்பா, கரைவலை இழுத்துக் காய்த்த கைகளால் சேலையை இழுப்பார், பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், ஆட்டம் முடிந்து அவர் திரௌபதை வேடக்காரரின் காலில் விழும்வரை சனம் கலையாது, அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டா.

"மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க, பொறகு தாறன்" என்பா.

நேற்று அதே காட்சியை விருந்தினருக்காக ஆடினார்கள். "கால்ல விழுறதெல்லாம் வேணாம், சாப்பாடு ஆறிரும்" என்றார் ஹோட்டல் முகாமையாளர்.

சேலையை இழுத்தவன் திரௌபதைக்கு முதுகைக் காட்டி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைக் கும்பிட்டான்.