நொலீன் பாஸ்கோவின் பாதி

புதன்கிழமை மாலை, சமையலறை மேசையில் உட்கார்ந்து, நீதிமன்ற முத்திரையோடு வந்த உத்தரவை கிரெட்டா வரிவரியாக உரக்கப் படித்தாள். அவள் அப்பா மர்ரே ஹாஸ்லப் தன் வரைவில் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். கிரெட்டா பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். காற்புள்ளிக்கு இப்படி உயிரை விடும் ஆளை அவள் தன் துறையில்கூடப் பார்த்ததில்லை.

"நிதியோட பேரு வேண்டாம். அதை நடத்துற கம்பெனி பேரைப் படி."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"ஆமா, நீயும் உன் பாலமும் ஒண்ணுங்கிற மாதிரி."

பர்னி நகரத்தில் முப்பத்தோரு வருடம் வக்கீலாக அவர் பார்த்தது இந்த ஒரே வேலை: விவாகரத்தாகும் தம்பதிக்கு ஓய்வூதிய நிதியைப் பிரித்துக் கொடுப்பது. வீட்டுக்கும் நாய்க்கும் அடித்துக்கொள்பவர்கள் நிதியை மறந்துவிடுவார்கள். மர்ரே மறக்கமாட்டார். ஊரில் பாதிப் பேர் அவருக்கு நன்றி சொன்னார்கள். மீதிப் பாதி அவரைக் கடையில் கண்டால் அடுத்த வரிசைக்குத் திரும்பிக்கொண்டது. தன் சொந்த விவாகரத்தில், எதிர்த்தரப்பு வக்கீலின் வரைவிலிருந்த மூன்று பிழைகளைத் திருத்தி, தன் நிதியில் பாதி மனைவிக்குத் தவறாமல் போகும்படி செய்தார். பாதியை வாங்கிக்கொண்ட அம்மா, திருத்தியதை மட்டும் மன்னிக்கவே இல்லை.

அன்று படித்தது நொலீன் பாஸ்கோவின் உத்தரவு. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட கேன்டீனில் பகுதிநேரமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவியவள். அவளுக்கென்று நிதி ஏதும் பெரிதாகச் சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் சுரங்கத்தில் வேலை செய்யும் அவள் கணவன் டிரெவர் பேரில். முப்பதாம் தேதி அவன் ஓய்வு பெறுகிறான்; அன்றே முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். நீதிபதி கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. முப்பதாம் தேதிக்குள் உத்தரவு கடல் தாண்டி மெல்போர்னில் இருக்கும் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேரவேண்டும்.

மர்ரே மின்னஞ்சலை நம்பமாட்டார். "வரவே இல்லைன்னு சொல்றதுக்குன்னே கண்டுபிடிச்ச சாமான்" என்பார். பதிவுத் தபால், அதுவும் தன் கையால்.

வியாழன் காலை, உறையைக் காரில் வைத்துவிட்டு கேட்டைத் திறக்கப் போனவர் அங்கேயே விழுந்தார். மாரடைப்பு.

அடுத்த புதன் மதியம் அடக்கம், பிறகு வீட்டில் தேநீர். வக்கீல் சங்கத்து ஆள் "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றார். அப்பா இருந்திருந்தால், எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டிருப்பார். கிரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வேறொன்று வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே நொலீன், கையில் தொடாத தேநீரோடு.

"கண்ணு, இன்னிக்குப் போய் இதைக் கேக்கக் கூடாது. அந்தக் கவரை அப்பா போட்டுட்டாரா?"

"போட்டிருப்பாரு. அவரு எதைத்தான் மறந்தாரு?"

"அதைத்தான் நானும் சொல்லிக்கிறேன். ஆனா டிரெவர் அந்தப் பணத்துல வாங்க நேத்தே படகு பாத்துட்டு வந்துட்டான். நாளைக்கு முப்பது."

ஒரு வாரமாக அப்பாவின் காரை யாரும் திறக்கவில்லை. கிரெட்டா திறந்தாள். பக்கத்து இருக்கையில் உறை. கம்பெனியின் முழுப்பெயர், பிழையில்லாமல், பெரிய எழுத்தில். மணி ஐந்தேகால், தபால் நிலையம் மூடியாகிவிட்டது.

"டெவன்போர்ட் துறைமுகத்துலேருந்து கப்பல் எத்தனை மணிக்கு?"

"ஏழே முக்கால். விடிஞ்சா மெல்போர்ன் பக்கம்." நொலீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாவுக்குப் போட்ட இந்தத் துணியோடவா?"

"கம்பெனிக்காரன் துணியையா பாக்கப்போறான்? ஏறுங்க."

உறையை நொலீன் மடியில் வைத்துக்கொண்டாள். அதில் தபால்தலை ஒட்டியிருக்கவில்லை.